குடலும் குழம்பும்: ஒரு காலை உணவின் வரலாறு

சுவடி பெயர்த்தெழுதியோரின் கைப்பிழையால் புதுச்சொல் பிறப்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆங்கிலத்தின் ‘கிரேவி’ என்னும் சொல்லும் அப்படிப் பிறந்ததே என்று சொற்பிறப்பு ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இடைக்காலப் பிரெஞ்சுச் சமையற் சுவடிகளில் ‘கிரானே’ என்றிருந்ததை, அக்காலக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு எழுத்துகளை மயங்கி, யாரோ ‘கிராவே’ என்று படித்துவிட்டார். அந்தப் பாடபேதம் பல நூற்றாண்டு கடந்து வந்து இன்று நம் சாலையோர உணவகப் பலகைகளில் ‘சிக்கன் கிரேவி’, ‘மட்டன் கிரேவி’ என்று தமிழ் எழுத்திலேயே நிற்கிறது. உணவகத்தார் வழக்கில் கிரேவி வேறு, குழம்பு வேறு. கெட்டியாக நிற்பது கிரேவி. கரண்டியிலிருந்து ஒழுகுவது குழம்பு. ஆனால் குழம்பு என்ற சொல்லுக்கு அத்தகைய கட்டுப்பாடு ஒருபோதும் இருந்ததில்லை. சந்தனக் குழம்பு எத்துணை கெட்டியானது என்பதை நாம் அறிவோம். ஒன்றோடொன்று மயங்கிக் கலந்தது எதுவோ அது குழம்பு.

நாம் இங்கே பேச வந்தது அத்தகைய குழம்புகளுள் ஒன்றைப் பற்றி. காலை ஆறு மணிக்கு இட்லியின்மீது ஊற்றப்படும் ஆட்டுக்குடல் குழம்பைப் பற்றி. வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியை நடுவாக வைத்துக்கொண்டு இதைப் பேசலாம். ஊர்ப்பெயரின் முன்னொட்டான ‘வ.’ வத்திராயிருப்பைக் குறிப்பது. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் எண்ணற்றவை ஆதலால் இப்படியோர் அடையாளம் தேவைப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கண்மாய்ப் பாசனமும் நெல்லும் தென்னையும் உள்ள நிலப்பகுதி இது. கிழக்கே சிவகாசி, சாத்தூர் என்று செல்லச் செல்ல நிலம் கறுத்துக் கரிசலாகிறது. கரிசலின் ஆடுகளும் மலையடிவாரத்தின் நெல்லும் தேங்காயும் சந்திக்கும் இடம் என்பதால், இட்லியும் கறிக்குழம்பும் ஓர் இலையில் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான திணைமயக்கம் வேண்டியதில்லை.

ஆடுகளைப் பற்றி ஒரு சொல். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களுக்கே உரிய ‘கன்னி ஆடு’ கறுத்த உடலும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட வெள்ளாட்டினம். வெள்ளை உடலில் செம்புள்ளிகள் தெறித்த வேம்பூர் ஆடு செம்மறி. ‘பொட்டு ஆடு’ என்றும் அழைப்பர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு உரத்துக்கு விலை பெறும் மேய்ச்சல் வாழ்வு இவற்றைச் சுற்றியே அமைந்தது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை வாசித்தவர்களுக்கு அந்த உலகை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உரமும் குட்டியும் தரும் ஆடு, உணவாவதற்கு முன்பே செல்வம். அதை அறுப்பது அன்றாடச் செயலாக இருக்க வழியில்லை. கொடை, கிடாவெட்டு, தீபாவளி என்று ஆண்டில் சில நாள்களே அதற்குரியவை. புரட்டாசி முழுவதும் கறி தவிர்க்கும் வீடுகள் இவ்வட்டாரத்தில் மிகுதி. அதற்கடுத்த ஐப்பசியில் தீபாவளி வருகிறது. ஒரு மாத விரதத்தின் முடிவில் அந்த விடியற்காலை எவ்வளவு எதிர்பார்ப்போடு புலர்ந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஏன் காலையில்? விருந்து என்றால் நண்பகல் என்பதுதானே நம் மரபு? இந்தக் கேள்விக்கு விடை சுவையில் இல்லை, அழுகலில் இருக்கிறது.

ஆட்டை அறுப்பது விடியலுக்கு முன். வெயில் ஏறுவதற்குள் உரித்துக் கூறு போட்டு முடிக்க வேண்டும். அறுத்த உடலில் முதலில் கெடுவது குடல். அதற்கும் முன்னால் உறைந்து நிறம் மாறுவது இரத்தம். செரித்தும் செரியாததுமான தழை குடலுக்குள் புளித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாழ்த்தினால் குடலை எந்தச் சுண்ணாம்பும் காப்பாற்றாது. தொடையும் சப்பையும் நண்பகல்வரை பொறுக்கும். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவிக் கோத்து வெயிலில் காயவிட்டால் உப்புக்கண்டமாகி மாதக்கணக்கில் பொறுக்கும். ஆகவே இரத்தமும் குடலும் ஈரலும் காலையில், எலும்பும் சதையும் மதியத்தில், மிச்சம் உப்புக்கண்டமாக மழைக்காலத்தில் என்று ஓர் ஆட்டின் உடல் தன் உண்ணப்படும் வரிசையைத் தானே வகுத்துவிடுகிறது. காலை இட்லிக்குக் குடல் குழம்பு என்பது இந்த வரிசையின் முதற்படி.

குளிர்நாட்டார் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டனர். இலையுதிர் காலத்தில் பன்றியை அறுத்து, சதையையும் கொழுப்பையும் கொத்தி, உப்பிட்டு, அதே பன்றியின் கழுவிய குடலுக்குள் திணித்து முடிந்து, புகையில் தொங்கவிட்டனர். இதுதான் சாசேஜ். குடல் அங்கே பண்டமன்று, பாத்திரம். அதன் உட்சவ்வையும் தசையையும் வழித்தெறிந்துவிட்டு நடுவிலுள்ள மெல்லிய உறையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். நாமோ உறை, தசை, சவ்வு என்று பிரிக்காமல் குடலையே துண்டுகளாக்கிக் குழம்பிட்டோம். வேடிக்கை என்னவென்றால், கழுவி உப்பிட்ட ஆட்டுக்குடல் உறைகள் இந்தியாவிலிருந்து நெடுங்காலமாக ஏற்றுமதியாகி வந்துள்ளன. டென்னிஸ் மட்டையின் நரம்பாகவும் அறுவை மருத்துவரின் தையல் இழையாகவும்கூட ஆட்டுக்குடல் உலகைச் சுற்றியிருக்கிறது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப்பட வேண்டியது விம்பிள்டன்வரை போய் வந்தது என்று சொன்னால் அது முழுக்க நகைச்சுவையாகாது.

அமெரிக்கத் தென்பகுதியின் அப்பலாச்சிய மலைநாட்டில், குழம்பும் சாசேஜும் கூடிய ஒரு காலை உணவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. உறையிலிடாத பன்றிக் கொத்துக்கறியை இருப்புச் சட்டியில் வதக்கி, அது விட்ட கொழுப்பிலேயே கோதுமை மாவைச் சிவக்க வறுத்து, பாலூற்றிக் கிளறி, மிளகு தூவி, ‘பிஸ்கட்’ என்று அவர்கள் அழைக்கும் மெத்தென்ற சிறு ரொட்டியின்மேல் ஊற்றுவார்கள். மரமறுப்புத் தொழிலாளர் முகாம்களோடு சேர்த்து இதற்கு ‘மரஆலைக் குழம்பு’ என்றொரு பெயரும் உண்டு. கவனிக்க வேண்டியது அளவு. ஒரு கைப்பிடிக் கறி. அதைப் பத்துப் பேருக்கு எட்டச் செய்வது மாவும் பாலும். நம் குடல் குழம்பிலும் நடப்பது இதுவே. கோதுமை மாவுக்கு மாற்றாகப் பொட்டுக்கடலையும் கசகசாவும், பாலுக்கு மாற்றாகத் தேங்காய். அதற்கும் போதாதபோது ஊறவைத்த மொச்சை, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு. கறி கொஞ்சம், கூட்டம் பெரிது என்பதே இரு குழம்புகளின் தோற்றுவாய். கறி வேண்டியமட்டும் கிடைக்கும் வீட்டில் குழம்பை இவ்வளவு நீட்டவேண்டிய தேவையே இல்லை.

திணித்த குடல் நம் நாட்டுக்குள் வரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கோவாவில் பன்றிக்கறியை வினிகரிலும் மிளகாயிலும் ஊறவைத்துக் குடலில் அடைத்து உலர்த்தும் ‘சொரீசு’ இன்றும் ரொட்டிக்குள் வைத்துக் காலையில் உண்ணப்படுகிறது. இலங்கைப் பறங்கியர் வீடுகளில் போர்த்துகீசிய ‘லிங்குயிசா’வே ‘லிங்கஸ்’ ஆயிற்று. மிளகாயைக் கொண்டுவந்தவர்களும் போர்த்துகீசியரே என்பதால், நம் குழம்பின் இன்றைய நிறத்துக்கு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதற்குமுன் காரம் என்றால் மிளகு. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்ற சொல்லே மிளகைத்தான் குறித்தது; மிளகிட்டுச் சமைத்ததைக் குறித்து, பின்பு இறைச்சியையே குறிக்கும் சொல்லாக அது நகர்ந்த பாதை தனிக் கட்டுரைக்குரியது.

போர்த்துகீசியருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் ‘மானசோல்லாசம்’ என்ற வடமொழி நூல் குடலைப் பேசுகிறது. 1130-ஐ ஒட்டி எழுந்த இந்நூலின் உணவுப் பகுதியில், கழுவிய குடலுக்குள் மசாலா சேர்த்து நிரப்பித் தணலில் சுடும் ‘மண்டலிய’ என்ற பண்டம் வருகிறது. உணவு வரலாற்றாசிரியர்கள் இதைச் சாசேஜின் இந்திய வடிவமாகக் காண்கின்றனர். அதே நூலில்தான் ‘இட்டரிகா’வும் வருகிறது. அது உளுந்து மாவைச் சிறு உருண்டைகளாக்கி மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்த பண்டம். அரிசி சேராதது, ஆனால் பெயரளவில் இட்லியின் மூதாதை. கன்னடத்தின் ‘வட்டாராதனை’யில் ஏறத்தாழ 920-இலேயே ‘இட்டலிகே’ உண்டு. தமிழில் இட்டலி என்ற சொல் பதினேழாம் நூற்றாண்டளவில்தான் கண்ணில் படுகிறது. இட்லியும் குடலும் ஒரே நூலுக்குள், ஓர் அரசனின் உணவாக எழுதப்பட்டுவிட்டன என்பது நமக்கு வியப்பளிக்கிறது. அவ்விரண்டையும் ஒரே இலையில் இட அந்த அரசனுக்குத் தோன்றவில்லை.

அதே காலத்துத் தமிழகத்தில் குடல் எங்கே சமைக்கப்பட்டது? சோமேசுவரனின் தந்தை ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு வாழ்நாள் பகைவனாயிருந்தவன் முதற் குலோத்துங்கன். அவனுடைய கலிங்க வெற்றியைப் பாடிய செயங்கொண்டார், ‘கலிங்கத்துப்பரணி’யின் இறுதிப் பகுதியை ஒரு சமையலாகவே அமைத்தார். போர்க்களத்தின் குருதியையும் நிணத்தையும் கொண்டு பேய்கள் கூழ் அடுகின்றன, காளிக்குப் படைக்கின்றன, பகிர்ந்து உண்கின்றன. பாத்திரம் கழுவுவது, அடுப்பு மூட்டுவது, பதம் பார்ப்பது, பந்தி வைப்பது என்று அடுக்களையின் நுட்பங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. செயங்கொண்டாருக்கு நிச்சயமாகச் சமையல் தெரிந்திருந்தது, அல்லது சமைப்போரைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்திருந்தது. ஆயினும் பகை அரசவையில் மன்னனின் தட்டில் ஏறிய உள்ளுறுப்பு, சோழ அவையின் காவியத்தில் பேய்களின் பானைக்குப் போய்ச் சேர்ந்தது.

முன்னதான பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குத் தந்தது செம்மறியின் வேகவைத்த தொடையும் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுங்கறியும். தின்று தின்று அலுத்துப்போன அந்தப் பொருநன்மீது நமக்குப் பொறாமை உண்டு. ஆனால் அந்தச் செம்மறிகளின் குடல் யார் வீட்டு அடுப்புக்குப் போயிற்று என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அரசவையிலிருந்து எழுதப்படும் இலக்கியத்தில் ஆட்டின் சிறந்த பாகம் மட்டுமே இடம்பெறுவது இயல்பே. தொடைக்கறிக்கு வரலாறு உண்டு. குடலுக்குப் பழக்கம் மட்டும்தான் உண்டு.

ஊருக்குள்ளும் இதே பிரிவினைதான். பல வீடுகள் பணம் சேர்த்து ஓர் ஆட்டை வாங்கி, அறுத்து, பனையோலையிலோ வாழையிலையிலோ கூறு வைத்துப் பங்கிட்டுக்கொள்வது தென்மாவட்டங்களின் நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு கூற்றிலும் சதை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சிறிது சிறிதாக விழவேண்டும் என்பது அதன் நியாயம். அந்தக் கணக்கில் ஊர்ப் பெரியவர்கள் காட்டும் கண்டிப்பைச் சொத்துப் பிரிப்பதிலும் காண இயலாது. ஆனால் கூற்றுக்குப் பணம் கட்ட முடிந்தோருக்கே அந்த நியாயம். பல ஊர்களில் உரித்துக் கொடுத்தவருக்குக் கூலியாகப் போனது தோலும் தலையும் குடலும். குடல் தின்போர், இரத்தம் தின்போர் என்று இன்னாரைச் சுட்டிப் பேசும் பேச்சு அங்கிருந்து கிளைத்தது. அப்படிப் பேசிய வாய்களும் தீபாவளிக் காலையில் அதே குழம்பில் இட்லியைத் தோய்த்தன. இன்று நகரத்து உணவகங்களில் குடலுக்கும் தனிவிலை வந்துவிட்டது. கூலியாகக் குடல் பெற்றவர்களின் பிள்ளைகள் அங்கே அதை விலைகொடுத்து உண்கிறார்கள்.

மன்னர்களுக்குப் பின் சட்டங்கள். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்யும் சட்டம் 1950-இலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டு யாரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. 2003 ஆகஸ்டில் அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டது. கிடாவெட்டு நின்ற கொடைகளைப் பற்றிய மனக்குறை கிராமங்களெங்கும் எழுந்தது. 2004 தொடக்கத்தில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. பலியை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இங்கு நம் நோக்கமன்று. அந்தச் சில மாதங்களில் நாட்டார் தெய்வங்களைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதப்பட்டன. கொடைக்கு மறுநாள் காலை அடுப்படியில் என்ன நடக்கிறது என்பதை எழுதியவர் குறைவு.

சில கல் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் உணவு அடையாளம் முற்றிலும் வேறு. ஆண்டாள் பிறந்த ஊர். திருப்பாவையின் இருபத்தேழாம் பாட்டு பாலும் நெய்யும் பெருகும் சோற்றின் பாட்டு. கடைத்தெரு முழுக்கப் பால்கோவா மணம். 2019-இல் அப்பால்கோவா புவிசார் குறியீடும் பெற்றது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. பாலைச் சுண்டவைத்து நாள்கணக்கில் காப்பாற்றும் அக்கலையும், குடல் கெடுமுன் குழம்பிடும் கலையும் ஒரே வெயிலுக்கு எதிரான இரண்டு தந்திரங்கள். அப்பலாச்சியர்போலப் பாலையும் கறியையும் ஒரே சட்டியில் சேர்க்க மட்டும் நம் அடுக்களைகள் உடன்பட்டதில்லை.

இட்லியும் இங்கே நீண்டகாலம் விருந்துப் பண்டமே. உழுவோர் வீட்டின் அன்றாடக் காலை உணவு பழைய சோறும் கம்பங்கூழும். ஆட்டுரலில் மாவரைப்பது இரண்டு மணிநேர உழைப்பு. 1955-இல் கோயம்புத்தூரில் ப. சபாபதி மின்சார மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அது படிப்படியாக ஊர்களுக்கு வந்து சேர்ந்தபின் இட்லி நாள்தோறும் கிடைப்பதாயிற்று. 1959-இல் இந்தியாவிலேயே பிரஷர் குக்கர்கள் உற்பத்தியாகத் தொடங்கின. இரண்டு மணிநேரம் விறகு தின்ற குடல், அரை மணியில் வெந்தது. ஆகவே ‘நம் முன்னோரின் காலை உணவு’ என்று இட்லி–குடல் குழம்பைப் பெருமை பேசுவோர் சற்று நிதானிக்க வேண்டும். முன்னோருக்கு அது ஆண்டுக்கு ஓரிரு காலைகள்.

அந்தக் காலைகளின் உழைப்பு யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். அறுப்பதும் கூறு போடுவதும் ஆண்களின் வேலை; ஊர் பார்க்க நடப்பது. குடல் கழுவுவது பெண்களின் வேலை. கொல்லையில், இருட்டில், நாற்றத்தில் நடப்பது. முதலில் குடலைப் பிழிந்து உள்ளிருப்பதை வெளியேற்ற வேண்டும். சிறுகுடலின் ஒரு முனையை மெல்லிய குச்சியில் கோத்து, சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிக் கழுவ வேண்டும். இரைப்பையின் கரும்பச்சைப் படலம் எளிதில் போகாது. கொதிக்கும் நீரில் சற்றே முக்கி, சுண்ணாம்பு தடவி, கத்தியின் முதுகால் வெளுக்கும்வரை சுரண்ட வேண்டும். நீர் அதிகச் சூடானால் படலம் ஒட்டிக்கொண்டுவிடும். சூடு போதாவிட்டால் உரியாது. அந்தச் சூட்டைக் கையால் அறிவார்கள். பின்பு மஞ்சளும் கல்லுப்பும் இட்டு ஐந்தாறு நீர் மாற்றி அலசி, விரற்கடை அளவுக்கு நறுக்கி, மஞ்சளும் இஞ்சியும் சேர்த்து ஒரு கொதி கொதிக்கவிட்டு அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்போர் ‘குடல் வாடை’ என்று பின்னர் குறைகூறத் தகுதியற்றவர்கள்.

மசாலா எளிது. மல்லி, வற்றல் மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து அம்மியில் மைபோல அரைத்துக்கொள்ள வேண்டும். தேங்காயைப் பொன்னிறமாக வறுத்து, ஒரு பிடி பொட்டுக்கடலையும் சிறிது கசகசாவும் கூட்டி அரைத்தால் குழம்புக்கு உடம்பு வரும். நல்லெண்ணெயில் பட்டை, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தை முழுதாகவே போட்டு வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் தக்காளியும் சேர்த்து, குடலையும் கொழுப்புத் துண்டுகளையும் இட்டு, மசாலா பச்சை நீங்கும்வரை கிளறி, நீர் வைத்து வேகவிட வேண்டும். குக்கரில் ஏழெட்டு விசில். தேங்காய் விழுது கடைசியில்தான்; முன்பே சேர்த்தால் அடிப்பிடிக்கும். இட்லிக்கென்றால் நீர்க்க இருக்க வேண்டும், இட்லி உறிஞ்ச வேண்டுமே. தோசைக்கென்றால் இன்னும் சற்றுச் சுண்டலாம். உணவகத்தாரின் ‘கிரேவி’ப் பதத்துக்குக் கொண்டுபோவது நம் பரிந்துரையன்று. உறைந்த இரத்தத்தை வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்த பொரியல் பக்கத்தில் இருந்தால் காலை நிறைவுபெறும்.

எண்ணெய்க் குளியல் முடித்துப் புத்தாடையோடு பிள்ளைகள் முதலில் அமர்வார்கள், அடுத்து ஆண்கள். குடல் கழுவிய கைகள் இட்லி எடுப்பதற்குள் சட்டியில் பெரும்பாலும் வெங்காயமும் மொச்சையும்தான் தங்கியிருக்கும். ஆனால் அடிமண்டிக்கு உரிமை அவர்களுடையது. மதியக் கறிக்குழம்பின் மிச்சத்தையும் அதனோடு கூட்டி, இரவு முழுக்கத் தணலில் விட்டு, மறுநாள் காலை நீர் வற்றி எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்குவார்கள். சுண்டக்கறி என்று பெயர். அதற்கு இட்லி சரிப்படாது. புளித்த பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும்.